பெயர் கழன்ற போத்தல்

பெரியதம்பி போத்தலைக் குசினி மேசையில் வைத்தார். பழைய பேப்பரில் சுற்றி இரண்டு முனைகளையும் முறுக்கியிருந்தார். மேசையில் பட்ட சத்தத்திலேயே உள்ளே என்ன என்று கனகேஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

“நாளைக்குத் தம்பியின்ர எட்டு. பிறகு ஓடித் திரிய ஏலாது,” என்றார். “அதுதான் இப்பவே வாங்கிக்கொண்டு வந்திட்டன்.”

“அவர் சாராயம் குடிக்கிறேல்லை, அத்தான்.”

“அப்ப என்ன குடிச்சவன்?”

அவளுக்குத் தெரியாது.

அவளுடைய கணவன் லோகேஸ்வரன் களுபோவில ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்து இறந்துபோனான். இறந்தவர் விரும்பியதையெல்லாம் எட்டாம் நாள் பொழுதுபடும் நேரத்தில் வாழையிலையில் படைக்க வேண்டும். மீன், இறைச்சி, முட்டை, புகைக்கிறவர் என்றால் சுருட்டு, குடிக்கிறவர் என்றால் குடி. படைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே நிற்பார்கள். பிறகு வரும் முப்பத்தோராம் நாளுக்கும் வருடா வருடம் வரும் திவசத்துக்கும் மரக்கறிதான். மச்சமும் குடியும் அவருக்குக் கிடைப்பது இந்த ஒரே ஒரு முறை. பிழை விட்டால் திருத்த முடியாது. சமையலைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. முப்பத்தொரு வருடம் சமைத்துப் போட்டவள். இலையின் வலது பக்கத்தில் வைக்க வேண்டிய அந்த ஒன்றுதான் தெரியவில்லை.

“அப்பா வைன் குடிச்சவர் எண்டு நினைக்கிறன், பெரியப்பா,” என்றாள் ரூபிகா. குசினி வாசலில் சாய்ந்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தகப்பன் செத்த நாளிலிருந்து அவள் வேலைக்குப் போகவில்லை. போன் மட்டும் கையை விட்டுப் போகவில்லை.

“வைனோ? நான் இப்ப வைன் ஸ்டோர்ஸிலயிருந்துதான் வாறன். அங்க வைனைத் தவிர மிச்சமெல்லாம் கிடக்கு.” பெரியதம்பி கதிரையில் உட்கார்ந்தார். அவர் லோகேஸ்வரனின் தமையன். செத்தவீட்டுக்கென்று கொக்குவிலிலிருந்து வந்தவர், எட்டு முடியட்டும் என்று நின்றுவிட்டார். “வைன் கோயில்ல பாதர் குடுக்கிறது. எங்கட ஆக்களின்ர எட்டுக்கு ஆர் வைன் வைச்சது?”

“சிறில் அங்கிள் வீட்டுக்குப் போட்டு வந்தா அப்பாவில ஏலக்காய் மணக்கும்,” என்றாள் ரூபிகா. “அப்பா சும்மா ஏலக்காய் சாப்பிடுற ஆளோ?”

ஏலக்காய் மணம் கனகேஸ்வரிக்கும் தெரியும். மாதத்தின் முதல் ஞாயிறு மத்தியானம் அவன் சாப்பாட்டுக் கரியரைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறுவான். சிறில் அவனோடு துறைமுகப் பக்கம் வேலை செய்த காலத்துச் சிநேகிதன். மனைவி இல்லை, சமைத்துக் கொடுக்க ஆளில்லை என்று லோகேஸ்வரன் சொல்லியிருந்தான். அந்திக்குத் திரும்பி வருவான். முகம் கொஞ்சம் சிவந்திருக்கும். கதை குறைவாக இருக்கும். அவளுடைய அம்மா போன வருடம் வரை இந்த வீட்டில்தான் இருந்தாள். ஹோலில் சாமிப்படம். அவன் எதையும் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. அவளும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் அதை வைத்துக்கொண்டு ஏதாவது செய்ய வேண்டும்.

அவள் கையைக் கழுவிவிட்டுச் சிறிலுக்குப் போன் எடுத்தாள்.

“போன்ல சொல்ற கத இல்ல தங்கச்சி,” என்றார் சிறில். “நான் வாறேன்.”

“இல்லை. நான் வாறன்.”

சொன்ன பிறகுதான், அவன் இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று தனக்கு இருப்பது அவளுக்கே தெரிந்தது.

“துடக்கு வீட்டுக்காரி எட்டு முடியாமல் வெளிக்கிடுறதோ?” என்றார் பெரியதம்பி. “என்ன பிள்ளை இது?”

“அவரிட்டக் கேக்க ஏலுமெண்டால் கேட்டிருப்பன், அத்தான்.”

பெரியதம்பி ரூபிகாவைப் பார்த்தார். ரூபிகா போனில் ஓட்டோ பிடித்துக்கொண்டிருந்தாள்.

*

சிறிலின் வீடு கொச்சிக்கடைப் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருந்தது. கதவைத் திறந்தால் நேரே தெரு. முன்னறையில் அந்தோனியார் படம், அதன் கீழ் நீல நிற மின்குமிழ். எண்ணெய்ச் சீலை விரித்த சின்ன மேசை. இரண்டு பக்கமும் இரண்டு கதிரைகள். ஒன்றில் பழைய தலையணை கட்டியிருந்தது. லோகேஸ்வரனுக்கு முதுகு நோ. அவள் அந்தத் தலையணையைப் பார்த்தாள். மேசையின் கீழ்த் தட்டில் தன்னுடைய கரியர் மூடிகள் மூன்று இருப்பதையும் பார்த்தாள். எங்கே தொலைத்தீர்கள் என்று அவனை ஏசிய மூடிகள்.

தலையணை இல்லாத கதிரையில் உட்கார்ந்தாள். சிறில் மற்றதில் உட்காரவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். நல்ல உயரமான மனிதர். உட்கார்ந்ததும் முழங்கால் மேசை உயரத்துக்கு வந்தது.

“கோவமா வந்திருக்கீங்களா தங்கச்சி?”

“இல்லை. தெரியாமல் வந்திருக்கிறன். நாளைக்கு எட்டுக்கு வைக்கவேணும். அவர் இங்க என்ன குடிச்சவர்?”

“வைன்,” என்றார் சிறில். “சிவப்பு வைன். வேற ஒண்ணுமில்ல. அதுவும் ரெண்டு கிளாஸ். அந்தோனியார் சத்தியமா.”

“என்ன வைன்?”

“அதுதான் போன்ல சொல்ல ஏலாதுன்னேன்.”

அவர் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். முப்பது வருடம் அவர் வேலை செய்தது கப்பல்களுக்கு மரக்கறியும் இறைச்சியும் அரிசியும் ஏற்றுகிற ஒரு கம்பெனியில். கப்பலின் குசினிக்காரர்களோடுதான் அவருக்கு அன்றும் இன்றும் பழக்கம். நல்ல மீன் பார்த்துக் கொடுத்தால் போகும்போது ஒரு போத்தலைக் கையில் திணித்துவிட்டுப் போவார்கள்.

“விஸ்கி குடுத்தான்னா யாருக்காவது குடுத்துருவேன். வைன யாரும் வாங்க மாட்டான். அதுவும் பிரான்ஸ் கிரான்ஸ் இல்ல, பேர் தெரியாத ஊர் வைன். பல்கேரியா, குரோவேஷியா, கிரீஸ். எழுத்தே வேற மாதிரி. அப்புறம் என்ன பண்றது, நாங்கதானே குடிக்கணும். லோகே போன்ல தேடிப் பேரைக் கண்டுபிடிப்பாரு. அதச் சரியாச் சொல்லிப் பழகுறதுக்கே ஒரு கிளாஸ் போயிரும்.”

கனகேஸ்வரி தண்ணீரைத் தொடவில்லை. “அவருக்கு எது விருப்பம்?”

“சாப்பாடு என்னன்னு பாத்துத்தான் சொல்லுவாரு. உங்க நண்டுக் கறியோட குரோவேஷியாவத் தொறந்தோம். பிளாவட்ஸ் மாலின்னு பேரு. ஐயோ தங்கச்சி! அது உரமான வைன், உள்ளுக்கு உங்க தூள். வாய் பத்திக்கிச்சு. ரெண்டு கிழவனும் பைப்படியில போய் நாக்க நீட்டிக்கிட்டு நின்னோம்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நண்டு நினைவுக்கு வந்தது. நீர்கொழும்பு நண்டு, சதை நிறைய இருந்தது. அன்றைக்கு அந்தியில் நண்டு எப்படி என்று கேட்டாள். நல்லம் என்றான். எப்போதும் நல்லம்தான்.

“கணவாய்க்கு ஒஸ்திரியா. ட்ஸ்வைகெல்ட். அத பிரிட்ஜ்ல வச்சு எடுத்தோம். சிவப்பு வைன குளிராக்கக் கூடாதுன்னு வெள்ளைக்காரன் எழுதி வச்சிருக்கானாம். அவன் ஏப்ரல் மாசம் கொட்டாஞ்சேனைக்கு வந்ததில்லையேன்னாரு லோகே. ஆட்டெலும்புக்குப் பல்கேரியா, மாவ்ருட். கறுப்பா இருக்கும், நாக்கு இழுத்துக்கும். ஆனா நீங்க கடசீல விடுற தேங்காய் முதல் பால் இருக்கே, அது படிஞ்சா அந்தத் துவர்ப்பு அடங்கிரும். தனிக் கத்தரிக்காயா இருந்தா கிரேக்கன். சினோமாவ்ரோ.”

அவர் விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே போனார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் சமைத்தவை. எல்லாம் சாதாரண ஞாயிற்றுக்கிழமைகள். எதை எப்போது சமைத்தோம் என்று அவளுக்கே நினைவில்லை. தெரியாத தெருவில், தெரியாத வீட்டில், யாரோ ஒருவர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். நண்டுக்கு உப்புக் கூடினதா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

“கருவாடு?” என்றாள்.

சிறில் நிறுத்தினார்.

“மாசா மாசம் கட்டாமீன் கருவாடும் கத்தரிக்காயும் கேட்டவர். வேற என்ன சமைச்சாலும் ஒரு தட்டில அது இருக்கவேணும். சிறிலுக்கு உயிர் எண்டு சொன்னவர். எனக்கு அலுத்துப்போச்சு.”

“எனக்கு பிரஷர், தங்கச்சி. டொக்டர் உப்பப் பாக்கவே கூடாதுன்னிருக்காரு. கருவாட்ட நான் எங்க தின்னேன்?”

வெளியே துறைமுகப் பக்கம் ஏதோ ஒரு கப்பல் நீளமாக ஊதியது. அது முடிந்ததும் சிறில் எழுந்து, “இங்க வாங்க,” என்று பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

குளிக்கும் இடத்தில் சீமெந்துத் தொட்டி ஒன்று இருந்தது. பாதிக்குமேல் தண்ணீர். வெயில் படாத மூலை. கையை விட்டால் சில்லென்று இருக்கும் என்று பார்க்கும்போதே தெரிந்தது.

“மொத வருசம். அஞ்சு போத்தல் சேந்திருந்துச்சு. சூட்டுல வைன் கெட்டுரும்னு லோகே எங்கயோ படிச்சிட்டாரு. என்கிட்ட அப்ப பிரிட்ஜ் இல்ல. ரெண்டு பேருமா ரொம்ப யோசிச்சு, அஞ்சையும் இந்தத் தொட்டிக்குள்ள இறக்கினோம். படிச்ச மனுசன், அவருக்கும் தோணல, எனக்கும் தோணல. மறுநாள் விடிய நான் குளிக்க வந்தா லேபல் எல்லாம் கழண்டு மெதக்குது. கையில எடுத்தா கூழ். அஞ்சு போத்தலும் அம்மணமா அடியில கெடக்கு. எது எந்த ஊருன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும்.”

கனகேஸ்வரி தொட்டியைப் பார்த்தாள். அவன் கணக்குப் பிரிவில் இருந்தவன். சட்டைப் பையில் பேனா இரண்டு வைத்திருப்பான், ஒன்று எழுதாவிட்டால் மற்றது என்று. அவன் இந்தத் தொட்டியருகே சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போத்தல்களை இறக்கியிருக்கிறான்.

“அதுல ஒண்ணத் தொறந்தப்போ தற்செயலா உங்க கருவாட்டுக் கறி கரியர்ல இருந்துச்சு. இப்பத் தெரியும், கருவாட்டோட சிவப்பு வைன் சேராது. எதக் குடிச்சாலும் இரும்ப நக்கின மாதிரி வாயில நிக்கும். அன்னிக்கு அது எங்களுக்குத் தெரியாது. லோகே ஒரு வாய் கறி, ஒரு வாய் வைன். அப்பிடியே இருந்துட்டாரு. நான் என்னமோ நெஞ்சு வலியாக்கும்னு பயந்துட்டேன். திரும்ப ஒரு வாய் கறி, ஒரு வாய் வைன். கதையே இல்ல. கரியர்த் தட்ட விரலால வழிச்சு முடிச்ச பிறகு கேட்டாரு, சிறில், இது என்ன வைன்னு. ரெண்டு பேரும் போத்தலத் திருப்பித் திருப்பிப் பாத்தோம். என்னத்தப் பாக்கிறது?”

“மற்றப் போத்தல்கள்?”

“அது வேற, இது வேற. இது வெளிர் சிவப்பு. ஜம்புப் பழம் மாதிரி. பிறகு வந்த ஒவ்வொரு போத்தலையும் அவர் மொதல்ல உங்க கருவாட்டோடதான் பாப்பாரு. இல்ல சிறில், இது இல்லம்பாரு. அப்புறந்தான் கணவாய், எலும்பு எல்லாம். இந்தப் பன்னெண்டு வருசமும் நாங்க குடிச்சதே அதத் தேடித்தான். அதனால நெறையக் கண்டுபிடிச்சோம். அத மட்டும் கண்டுபிடிக்கல.”

அவள் தொட்டியின் விளிம்பில் கையை வைத்தாள். அது ஈரமாக இருந்தது.

“என்னட்ட ஏன் சொல்லேல்லை?”

“நானும் கேட்டேன். உங்க வீட்டம்மாவ ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வாங்க, அவங்களும் தெரிஞ்சிக்கட்டும்னேன். வேணாம்னாரு. சொன்னா அவ அதுக்கெண்டு பாத்துப் பாத்துச் சமைப்பா சிறில், எனக்கு அவ சும்மா சமைக்கிறதுதான் வேணும்னாரு.”

அவர்கள் முன்னறைக்குத் திரும்பினார்கள். சிறில் பிரிட்ஜைத் திறந்து கீழ்த் தட்டிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார். லேபலுக்கு மேல் பொலித்தீன் சுற்றி இரண்டு ரப்பர் பட்டிகள் போட்டிருந்தது.

“இது போன மாசம் வந்தது. சிசிலித் தீவு. ஃப்ராப்பாட்டோவாம். பிலிப்பைன்ஸ் குசினிக்காரன் ஒருத்தன் குடுத்தான். அன்னிக்குக் கரியர் காலியான பிறகுதான் அது கைக்கு வந்துச்சு. லோகே வாசல்ல நின்னு வெயிலுக்கு நேரப் பிடிச்சுப் பாத்தாரு. நெறம் அதேதான் சிறில்னாரு. மூஞ்சி எல்லாம் சிரிப்பு. இப்பவே தொறப்போமான்னேன். இல்ல, கருவாடு இல்லாமத் தொறக்கக் கூடாது, முதல் ஞாயிறு வரட்டும்னாரு.”

முதல் ஞாயிறு இனித்தான் வர இருந்தது.

“அதுதானோ இது?” என்றாள்.

“தொறக்காம எப்பிடிச் சொல்றது?”

“நீங்கள் குடிச்சால் தெரியுமோ?”

சிறில் தலையை ஆட்டினார். “எனக்கு எல்லாம் ஒண்ணுதான் தங்கச்சி. புளிப்பு, துவர்ப்பு. நான் வைனப் பாக்கிறதில்ல. அவர் மூஞ்சியத்தான் பாப்பேன்.”

*

மறுநாள் காலை அவள் வெள்ளவத்தைச் சந்தைக்கு ரூபிகாவை அனுப்பினாள். கட்டாக் கருவாடு நடுத்துண்டாக வாங்க வேண்டும், தோல் மஞ்சளித்திருக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினாள். கத்தரிக்காய் பிஞ்சாக வந்தது. கருவாட்டை வெந்நீரில் ஊறப் போட்டாள். கத்தரிக்காயை வெட்டினாள். வெட்டிய துண்டுகளைப் பார்த்தாள். எப்போதும் இந்த அளவில்தான் வெட்டுவாளா? அதற்குமுன் அதை யோசித்ததில்லை. இரண்டு துண்டுகளை எடுத்து இன்னும் சிறிதாக வெட்டினாள். பிறகு மற்றவை பெரிதாகத் தெரிந்தன.

புளி கரைத்தாள். எவ்வளவு புளி என்று கை நின்றது. கறித்தூளைக் கரண்டியால் அள்ளினாள். அவள் தூளை ஒருநாளும் கரண்டியால் அள்ளியதில்லை. கை போகிற அளவுக்குப் போகும். இப்போது கை போகவில்லை. கறி கொதித்து வந்ததும் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். நல்ல கறி. யாருக்கும் கொடுக்கலாம். ஆனால் அவளுடையது இல்லை. சட்டியை இறக்கி ஓரமாக வைத்தாள்.

“ரூபி, இன்னும் ஒருக்காச் சந்தைக்குப் போட்டு வா.”

“ஏனம்மா? இதுக்கு என்ன?”

“போட்டு வா.”

இரண்டாவது முறை கத்தரிக்காயைக் கையில் எடுத்தபோது பெரியதம்பி குசினிக்குள் வந்தார். தேத்தண்ணி கேட்டுத்தான் வந்தார். வந்த இடத்தில் நேற்று விட்ட கதையைத் தொடங்கினார்.

“பிள்ளை, நான் ராத்திரி முழுக்க யோசிச்சனான். ஊரில இருந்து ஆக்கள் போன் எடுத்துக் கேப்பினம், எட்டுக்கு என்ன வைச்சனீங்கள் எண்டு. வைன் எண்டு சொன்னால் சிரிப்பினம்.”

“சிரிக்கட்டும்.”

“எங்கட அப்பாவின்ர எட்டுக்கு முழுப் போத்தல் சாராயமும் ஒரு முட்டி கள்ளும் வைச்சது. அம்மாவின்ர எட்டுக்கே சாராயம் வைச்சது. அம்மா குடிச்சவவோ?”

“மாமி குடிக்கேல்லைத்தானே. பிறகு ஏன் வைச்சனீங்கள்?” அவள் வெட்டிய கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டாள். “மாமிக்குக் கோப்பிதான் உயிர். அதை ஆரும் வைச்சதோ? நான் அப்ப புதுசு. வாய் திறக்கேல்லை.”

“கோப்பியை ஆரும் எட்டுக்கு வைக்கிறதோ?”

“வைச்சிருந்தால் குடிச்சிருப்பா. கூடியிருந்த ஆம்பிளையளெல்லாம் தாங்கள் குடிக்கிறதுக்காகத்தான் வைச்சனீங்கள்.” வெங்காயத்தைச் சட்டியில் போட்டாள். “கதவைத் திறந்த உடனே போத்தல்லதான் கண். இலையை ஆர் பாத்தது?”

“உனக்கு இப்ப வாய் கூடிப்போச்சு.”

“ஓம். கூடிப்போச்சு. என்ர மனிசன் பன்னிரண்டு வருசமா ஒரு சாமானைத் தேடினவர். எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியாது, வெளியில ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அவரிட்ட நான் போய்க் கேக்கவேண்டியிருக்கு. நீங்கள் என்னட்டச் சாராயக் கதை கதைச்சுக்கொண்டு நிக்கிறியள்.” கருவாட்டைப் பிழிந்து போட்டாள். புளியை ஊற்றினாள். “தேத்தண்ணி தானே கேட்டனீங்கள்? போய் இருங்கோ. கொண்டு வாறன்.”

பெரியதம்பி போய்விட்டார். போகிறபோது வாசலில் நின்று, “கோப்பி வைச்சிருக்கலாந்தான்,” என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்.

அவள் சட்டியைத் திரும்பிப் பார்த்தாள். கறி கொதித்து மணந்துகொண்டிருந்தது. தூள் போட்டது நினைவில்லை. எவ்வளவு போட்டாள் என்றும் தெரியவில்லை. கரண்டி மேசையில் துடைத்தபடியே கிடந்தது. முதல் பாலை விட்டு ஒரு கொதியில் இறக்கினாள். உள்ளங்கையில் விட்டுப் பார்க்கவில்லை. மூடி வைத்தாள்.

*

சிறில் சொன்னபடி பொழுதுபடும் நேரம் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். போத்தலை ஈரத் துவாயில் சுற்றிக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல ஒரு கையில் அணைத்துக்கொண்டு வந்தார். மற்றக் கையில் தக்கை திருகும் கம்பியும் ஒரு கிளாஸும். கால் வைத்த கிளாஸ் இல்லை. தேத்தண்ணி குடிக்கும் சாதாரணக் கிளாஸ். அவன் அங்கே குடித்தது இதில்தான் என்றார்.

ஹோலில் படத்துக்கு முன்னால் இலை போட்டாயிற்று. குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. சோறு, பொரித்த மீன், ஆட்டிறைச்சி, கணவாய், அவித்த முட்டை, வடை. கருவாட்டுக் கறியைச் சோற்றுக்குப் பக்கத்தில் கை எட்டும் தூரத்தில் வைத்தாள். பெரியதம்பி தன் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சிறிலைப் பார்த்தார். போத்தலைப் பார்த்தார்.

“அதையும் வையுங்கோ, அத்தான்,” என்றாள் கனகேஸ்வரி. “அவருக்கில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு வாற ஆக்களுக்கு. மாமாவும் வருவார்தானே, உங்கட அப்பா.”

பெரியதம்பி குனிந்து பேப்பரைப் பிரித்து, சாராயப் போத்தலை இலைக்கு அப்பால் சுவரோரமாக வைத்தார். நிமிரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிறில் பொலித்தீனைக் கழற்றினார். கம்பியைத் திருகித் தக்கையை இழுத்தார். மெல்லிய சத்தம் ஒன்று வந்தது. இந்த வீட்டில் அந்தச் சத்தம் முதல்முறை. கிளாஸில் கால்வாசி ஊற்றினார். ஊற்றும்போது முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டார்.

“ஏன் அங்கிள் அங்கால பாக்கிறியள்?” என்றாள் ரூபிகா.

“மொத மணம் அவருக்கு.”

விளக்கு வெளிச்சத்தில் கிளாஸ் வெளிர் சிவப்பாக இருந்தது. கனகேஸ்வரி அதை எடுத்து இலையின் வலது பக்கம் வைத்தாள். கொஞ்சம் தள்ளி வைத்தாள். பிறகு திரும்பக் கிட்ட இழுத்தாள். கும்பிட்டாள்.

எல்லோரும் வெளியே வந்தார்கள். ரூபிகா கதவைச் சாத்தினாள்.

ஊரில் என்றால் முற்றத்தில் நிற்கலாம். இங்கே நாலாம் மாடி. லிஃப்டுக்கும் கதவுக்கும் இடையில் ஒடுங்கிய பாதை. நான்கு பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு முனையில் சின்ன யன்னல். அதற்கு வெளியே மரின் டிரைவ், றெயில் பாதை, கடல். அவர்கள் நின்ற பாதையின் கூரையில் ஒரு விளக்கு. ஆள் அசைந்தால் எரியும், அசையாவிட்டால் தானாக அணைந்துவிடும் விளக்கு.

லிஃப்ட் திறந்தது. பக்கத்து வீட்டு ஸமீமா மரக்கறிப் பைகளோடு வெளியே வந்தாள்.

“என்ன எல்லாரும் வெளிய நிக்கிறீங்க? சாவிய உள்ளுக்கு வச்சிப் பூட்டிட்டீங்களா?”

“இல்லை ஆன்ட்டி,” என்றாள் ரூபிகா. “அப்பா சாப்பிடுறார்.”

ஸமீமா கதவைப் பார்த்தாள். பைகளைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கனகேஸ்வரிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“கருவாடு மணக்குது,” என்றாள் மெதுவாக. “இந்த மாசம் மணக்காதோன்னு நெனச்சேன்.”

கீழே ஒரு றெயில் போனது. யன்னல் கண்ணாடி அதிர்ந்து நின்றது. பெரியதம்பி காலை மாற்றி நின்றார். மணிக்கூட்டைப் பார்த்தார். இவ்வளவு நேரம் போதும் என்பதுபோலத் தொண்டையைச் செருமிக்கொண்டு கதவுப் பிடியில் கை வைத்தார்.

“அண்ணன்,” என்றார் சிறில். “இப்பத் தொறக்காதீங்க. இன்னும் கிளாஸ வாயில வச்சிருக்க மாட்டாரு. மொதல்ல மூக்குதான். அதுக்கே அவருக்கு நெறைய நேரம் வேணும்.”

பெரியதம்பி கனகேஸ்வரியைப் பார்த்தார்.

“பொறுங்கோ, அத்தான்,” என்றாள். “ஆறுதலாப் பாக்கட்டும்.”

பெரியதம்பி கையை எடுத்தார். மறுபடி சுவரில் சாய்ந்தார். சிறில் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார், அதற்குள்ளே ஒரு முகம் இருப்பதுபோல. ரூபிகா போனைப் பைக்குள் வைத்தாள்.

ஐந்து பேரும் அசையாமல் நின்றதால் கூரை விளக்கு அணைந்தது. ஒரு கையை உயர்த்தினால் போதும், எரியும். யாரும் உயர்த்தவில்லை. இருட்டில் கதவின் கீழே ஒரு விரல் அகலத்துக்குக் குத்துவிளக்கின் வெளிச்சம் தெரிந்தது. கடற்காற்று எந்த வழியாகவோ உள்ளே போயிருக்க வேண்டும். அந்த வெளிச்சம் ஒருமுறை சுருங்கியது. பிறகு மெல்ல அகன்று, அவர்களுடைய கால்விரல்கள் வரை வந்து நின்றது.